‘நிரந்தரம்’ என்று எழுதியிருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவிகளைப் பற்றி வந்த கடிதங்களில் பலவும் ‘மாதம் எவ்வளவு கிடைக்கும்?’ என்றுதான் தொடங்குகின்றன. ஆனால் சிக்கல் பணத்தில் இல்லை, சான்றிதழில் இருக்கிறது. எந்த வகை ஊனம், எத்தனை சதவீதம், தற்காலிகமா நிரந்தரமா ஆகிய மூன்றும் அந்தத் தாளில் சரியாக இருந்தால் மற்ற கதவுகள் தட்டியதும் திறக்கும். பிழையாக இருந்தால் ஒவ்வொரு கதவிலும் திருப்பி அனுப்புவார்கள். அதனால் சான்றிதழ் பற்றிய கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. ஊனச் சான்றிதழுக்குப் போனபோது ‘இப்போது முடியாது, பிறகு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலைக்கழிக்கிறார்களா?
– வாசகி, திருவாரூர்

பதில்: அலைக்கழிப்பு இல்லை, அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் ஆறு மாதத்தில் கை, கால் அசைவு நன்றாகத் திரும்ப வாய்ப்பு உண்டு. அதனால் நரம்புப் பாதிப்புகளுக்கு ஆறு மாதம் கழித்தே நிலையான ஊனத்தை அளப்பது முறை. ஆனால் இந்த இரண்டு மாதத்தையும் சும்மா கடத்த வேண்டாம். பிசியோதெரபியை விடாமல் தொடருங்கள். வெளியே அழைத்துப் போக முடியாவிட்டால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் அறிக்கை, பிசியோதெரபி சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் வையுங்கள். சான்றிதழ் தரும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

2021 ஜூன் முதல் சான்றிதழ் இணையவழியாகத்தான் வழங்கப்படுகிறது. ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் நீங்களே பதியலாம், இ-சேவை மையத்திலும் பதியலாம். ஆதார், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டு ஆகியவை வேண்டும். கையெழுத்துப் போட்டுப் பழகிய வலது கை இப்போது வேலை செய்யாது என்றால், கைநாட்டே போதும். பழைய கையெழுத்தை வேறு யாராவது போட்டுக் கொடுக்க வேண்டாம். அது பின்னால் வங்கியில் வில்லங்கமாகும்.

பதியும்போது மூன்று இடங்களில் கவனமாக இருங்கள்.

ஊன வகை கேட்கும் இடத்தில் ‘பக்கவாதம்’ என்று தேடினால் கிடைக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அவற்றில் நோயின் பெயரை விட, அது உடலில் என்ன செய்தது என்பதே பெரும்பாலும் கணக்கு. கை, கால் விழுந்தது இயக்கக் குறைபாட்டில் வரும். பேச்சுப் பாதிப்பு ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ என்ற தனி வகை. மூளைப் பாதிப்பால் பேச்சு போவதையும் சட்டமே அந்த வகையில் சேர்த்திருக்கிறது. இரண்டையும் குறியுங்கள். பலர் கை, காலை மட்டும் குறித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பேச்சை அளக்கக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பவே மாட்டார்கள், சதவீதமும் குறைந்துபோகும்.

அடுத்தது மருத்துவமனை. சொந்த மாவட்ட அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் சான்றிதழ் கேட்க விதியில் இடமுண்டு. தஞ்சாவூரிலோ மதுரையிலோ அரசு மருத்துவக் கல்லூரியில் பார்த்திருந்தால், பதிவேடு அங்கேயே இருக்கும். அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றாவது, கைபேசி எண். பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு அவர்களுடைய எண்ணைப் போட்டுவிடுவது உண்டு. பிறகு மருத்துவமனை அழைக்கும் தேதி உங்களுக்கு வராது, யு.டி.ஐ.டி. எனப்படும் ஊன அடையாள கார்டைப் பதிவிறக்க ஓ.டி.பி.யும் வராது. வீட்டில் எப்போதும் இருக்கும் எண்ணைக் கொடுங்கள்.

2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தியபோது சான்றிதழ் தருவதற்கான கால வரம்பை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக உயர்த்திவிட்டார்கள். அதற்கு மேலும் இழுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் விண்ணப்ப எண்ணுடன் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டு வந்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

கேள்வி: என் தம்பிக்குக் காலில் 45 சதவீதம், காதில் 30 சதவீதம். கூட்டினால் 75 வருகிறது. சான்றிதழில் 60 என்று போட்டிருக்கிறார்கள். இதனால் 2,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்காது என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 60 என்பது சரியான கணக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் இருந்தால் நேராகக் கூட்டுவதில்லை. பெரிய சதவீதத்தை முழுதாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு 90லிருந்து அந்தப் பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதை அதனுடன் சேர்ப்பார்கள். உங்கள் தம்பிக்கு: 90இல் 45 போனால் 45. அதை 30ஆல் பெருக்கினால் 1,350. 90ஆல் வகுத்தால் 15. ஆக, 45ம் 15ம் 60. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலில் இந்தச் சூத்திரம் இருக்கிறது. நேராகக் கூட்டினால் மூன்று, நான்கு பாதிப்பு உள்ளவருக்கு 100ஐத் தாண்டிப் போய்விடும் என்பதால்தான் இப்படி.

அந்த 75 ஏன் முக்கியம் என்று நீங்கள் கவனித்தது சரி. தமிழ்நாட்டில் மாதப் பணம் இரண்டு துறைகளிலிருந்து வருகிறது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். அது 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயால் பாதிக்கப்பட்டு குணமானவர்கள் ஆகியோருக்கு 40 சதவீதமே போதும். முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, பார்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பு நோய்களுக்கும் இதே தொகை உண்டு. வருவாய்த் துறை தருவது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது.

உங்கள் தம்பி இரண்டாவதற்கு விண்ணப்பிக்கலாம். 40 சதவீதம் தாண்டியிருக்கிறது. விண்ணப்பம் இ-சேவை வழியாகச் சென்று, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். வேலை, வருமானம், சொத்து பற்றிக் கேட்பார்கள். விசாரணைக்கு வரும் நாளில் குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், ஊனச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும். இதில் மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியத் திட்டம் 80 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள வறுமைக்கோட்டுக் குடும்பத்தாருக்கு மட்டும். மத்திய அரசின் பங்கு அதில் 300 ரூபாய்தான். மீதியை மாநிலமே போடுகிறது. ஆகவே ‘80 சதவீதம் இல்லை, கிடையாது’ என்று யாராவது சொன்னால், மாநிலத் திட்டத்தில் விண்ணப்பிக்கிறேன் என்று சொல்லுங்கள்.

காதில் 30 என்பதே குறைவாக அளக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்தால், 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் புதிய ஆடியோகிராம் போன்ற மருத்துவ ஆதாரம் வேண்டும். ‘75 வேண்டும்’ என்பது ஆதாரம் ஆகாது. சதவீதத்தை ஏற்றித் தருகிறேன் என்று வரும் தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று அதே சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. மாட்டுவது தரகர் அல்ல, உங்கள் தம்பி.

கேள்வி: மகளுக்கு அறிவுசார் குறைபாடு. பிறவியிலேயே வந்தது, மாறப்போவதில்லை. ஆனாலும் சான்றிதழில் ‘தற்காலிகம்’ என்று போட்டு மறுபடி வரச் சொல்கிறார்கள். ஏன்?
– வாசகி, தருமபுரி

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. குறைபாடு மாறாது, ஆனால் அதன் அளவு குழந்தை வளர வளரத்தான் தெளிவாகும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சான்றிதழே இல்லை. ஐந்து வயது வரை ‘வளர்ச்சித் தாமதம்’ என்றே எழுதுவார்கள். மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18இல் தருவது வாழ்நாள் முழுவதும் செல்லும்.

அளவீட்டில் லேசானது என்றால் 50 சதவீதம், மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100 என்று நான்கு படிகள். இவற்றில் எது என்பது பெரும்பாலும் பெற்றோரிடம் கேட்கும் கேள்விகளில் முடிவாகிறது. தானே சாப்பிடுகிறாளா, பல் துலக்குகிறாளா, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குகிறாளா என்று கேட்பார்கள். நம் தாய்மார்கள் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ‘எல்லாம் செய்வாள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பாசத்தில் சொல்லும் அந்த வார்த்தைக்கு மகள் ஆயுள் முழுக்க விலை கொடுக்க வேண்டியிருக்கும். ‘சட்டை போடுவாள், பட்டனை நான்தான் மாட்டிவிட வேண்டும்’ என்று, உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். போவதற்கு முந்தைய வாரம், அவளுக்கு எந்தெந்த வேலையில் உங்கள் கை தேவைப்படுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலாவதி தேதிக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே புதுப்பிக்கப் பதிந்துவிடுங்கள். சான்றிதழ் காலாவதியானால் உதவித்தொகையும் நின்றுபோகும்.

கேள்வி: மகனுக்கு 18 முடிந்துவிட்டது. ஆட்டிசம் உண்டு. ‘இனி அவரே கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கார்டியன் சான்று கொண்டு வாருங்கள்’ என்று வங்கியில் சொல்கிறார்கள். பெற்ற தாய்க்கு எதற்குச் சான்று?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 18 வயதோடு இயற்கைக் காப்பாளர் என்ற உங்கள் உரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு ஊனம் இருப்பதால் அது தானாக நீள்வதில்லை.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் எளிய வழி வைத்திருக்கிறது. நீதிமன்றம் போக வேண்டாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ‘ஏ’ படிவம் கேட்டு, மகனுடைய ஊனச் சான்றிதழ், பிறப்புச் சான்று, இருவரின் ஆதார் ஆகியவற்றுடன் கொடுங்கள். குழு கூடும் நாளில் மகனையும் அழைத்துப் போக வேண்டியிருக்கும். அந்தக் குழு தரும் காப்பாளர் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் தயங்கினால் அந்தச் சுற்றறிக்கையைச் சொல்லிக் கேளுங்கள்.

சான்று வாங்கியதும் பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. காப்பாளர் ஆன ஆறு மாதத்துக்குள் மகனின் அசையாச் சொத்து, வங்கி இருப்பு போன்றவற்றின் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். சொத்துத் தகராறு வரும் வீடுகளில் இந்தத் தாள்கள் உங்களுக்கே பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்களைப் போலவே சட்டத் தகுதி உண்டு என்கிறது 2016 சட்டம். உங்கள் மகன் பணம் என்றால் என்ன என்று புரிந்து, தன் விருப்பத்தைச் சொல்லக்கூடியவராக இருந்தால், அவர் பெயரிலேயே கணக்கு தொடரட்டும். நீங்கள் உடன் நின்று உதவினால் போதும். வங்கி கேட்கிறது என்பதற்காக மட்டும் முடிவெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து மொத்தமாக எடுத்துவிட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, மனநோய் போன்றவற்றுக்கு இந்த உள்ளூர்க் குழு வழி பொருந்தாது என்பதையும் மற்ற வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும்போது நிராமயா எதற்கு?
– வாசகர், வேலூர்

பதில்: இரண்டும் வேறு வேலை செய்கின்றன. முதலமைச்சர் காப்பீடு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. நிராமயா என்பது தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு; மேலே ஆட்டிசம் முதலாகச் சொன்ன நான்கு வகை ஊனத்துக்கு மட்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. ஆனால் புற நோயாளிச் சிகிச்சை, மருந்து, தொடர் தெரபி ஆகியவற்றுக்கும் அது பணம் தரும். இருக்கிற நோய்க்குக் கிடையாது என்ற பேச்சே இல்லை, முன்பரிசோதனையும் இல்லை. புதிதாகச் சேர 500 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் 250. புதுப்பிக்க 250, 50.

முதலில் நீங்கள் செலவு செய்து, பிறகு பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். தெரபி மையம் தரும் ரசீதில் தேதி, பிள்ளையின் பெயர், பதிவு எண், முத்திரை நான்கும் இல்லாவிட்டால் பணம் வராது. திட்ட ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச்சுக்குள் புதுப்பித்துவிடுங்கள்.

கேள்வி: நான் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவன். என் மகளுக்குப் பார்வை முழுவதும் இல்லை, வருமானமும் இல்லை. எங்கள் இருவருக்குப் பிறகு அவளுக்கு என்ன வழி?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் ஓய்வூதியமே அவருக்கு வழி, ஐயா. மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி, பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாத அளவுக்கு ஊனமுள்ள மகனுக்கோ மகளுக்கோ குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் கிடைக்கும். முதலில் உங்கள் மனைவிக்கு, பிறகு மகளுக்கு. திருமணம் ஆனாலும் போகாது. ஊனம் உங்கள் காலத்திலேயே ஏற்பட்டிருக்க வேண்டும். அவருடைய மற்ற வருமானம், கிடைக்கவேண்டிய குடும்ப ஓய்வூதியத்தைவிட, அதாவது உங்கள் கடைசி ஊதியத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில்தான் வரம்பை இப்படி உயர்த்தினார்கள்.

தயவுசெய்து இதை இப்போதே செய்யுங்கள்: மகளின் நிரந்தர ஊனச் சான்றிதழுடன், நீங்கள் ஓய்வு பெற்ற அலுவலகத்துக்கு எழுதி, ஓய்வூதிய ஆணையில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கும்போது இது ஒரு கடிதத்தில் தொடங்கிவிடும் வேலை. பின்னால் என்றால், பார்வையற்ற அந்தப் பெண் தன் தந்தையின் பணிப் பதிவேட்டைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். சான்றிதழில் நிரந்தரம் என்றிருந்தால் ஒரு முறை கொடுத்தால் போதும்; தற்காலிகம் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கேட்பார்கள். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு விதிகள் தனி. அவர்கள் தங்கள் கருவூலத்தில் கேட்க வேண்டும்.

கேள்வி: உதவித்தொகை இரண்டு மாதமாக வரவில்லை. யாரைக் கேட்பது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: முதலில் வங்கியில் கேளுங்கள். பாதிக்குப் பாதி காரணம் அங்கேதான் இருக்கும்: கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருக்கும், அல்லது வேறொரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கியபோது ஆதார் இணைப்பு அங்கே மாறி, பணம் அந்தக் கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். இரண்டும் இல்லையென்றால், ஆயுள் சான்று கொடுத்தீர்களா, ஊனச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். அதன் பிறகு துறை: 2,000 ரூபாய் வாங்குபவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், 1,500 வாங்குபவர் தாலுகா அலுவலகம். மாறிப் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

அங்கும் நடக்கவில்லையா? ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்து, ரசீது எண் வாங்குங்கள். கடைசியாக, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அவர் ஒரு பரிந்துரை அனுப்பினால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மனுவில் கதை வேண்டாம். பெயர், யு.டி.ஐ.டி. எண், எந்தத் திட்டம், கடைசியாகப் பணம் வந்த மாதம், இதுவரை மனு கொடுத்த தேதிகள், ரசீது எண்கள். ஒரு பக்கம் போதும்; வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்க நகலை இணைத்து விடுங்கள்.